ஸ்டிக்கர் உரி படலம்

மரக்கலம் கட்டுவதற்குத் தமிழில் நூல் உண்டு. கப்பல் சாத்திரம், நாவாய் சாத்திரம் என்ற பெயர்களே அதற்குச் சான்று. கட்டிய கலத்தின் மேல் ஒட்டியதை எப்படி எடுப்பது என்று மட்டும் எந்தச் சுவடியும் வாய் திறக்கவில்லை. இதை முன்னோர் மேல் குற்றமாகச் சாட்டலாகாது. அவர்கள் எதையும் ஒட்டவில்லை. பட்டினப்பாலை காட்டும் புகார்த் துறையில் கலங்களின் மேல் கொடிகள் ஆடின. கொடியை இறக்க ஒரு கயிறு போதும். பைபர் படகின் விலாவில் ஒட்டிய வினைல் ஸ்டிக்கரை இறக்க எது போதும் என்பதே இப்படலம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். படகில் எழுத்து இருவகைப்படும்: எழுதியது, ஒட்டியது. எழுதியது பெயின்ட், அதன் மேல் இன்னொரு பூச்சு பூசினால் வழக்கு முடிந்தது. ஒட்டியது அப்படியன்று. அதன் மேல் பெயின்ட் அடித்தால் விளிம்பு வரப்புபோலத் தெரியும், அடுத்த பருவத்தில் பெயின்டும் ஸ்டிக்கரும் கைகோத்துப் பெயரும். ஆகவே உரித்தே ஆக வேண்டும். உரிக்கப்படுவன யாவை எனின்: விற்றவர் வைத்த படகுப் பெயர், மகளுக்குக் கல்யாணமானபின் மாற்ற நேர்ந்த பெயர், கட்சி மாறிய தலைவர், கட்சி தொடங்கிய நடிகர், பிறகு இரு புறமும் நீளும் அலைக்கோடுகள். தெய்வப் படங்களை யாரும் உரிப்பதில்லை. அவை தாமே வெளுத்துப் போகும்வரை காத்திருப்பார்கள். பதிவு எண் இவ்வாய்வில் அடங்காது. அதை உரித்தால் ஆய்வாளர் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு விளக்கம் சொல்ல நேரும், அது வேறு துறை.

இனி வரலாறு. 1926-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், குட்ரிச் என்ற ரப்பர் கம்பெனியில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் ரப்பரை இரும்போடு ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்டிருந்த பிவிசியை ஒரு திரவத்தில் போட்டுக் காய்ச்சினார். பசை கிடைக்கவில்லை. வளையும், துள்ளும், எதிலும் ஒட்டாத ஒரு பொருள் கிடைத்தது. இன்று நாம் வினைல் என்று அழைப்பது அதன் வழிவந்ததே. ஒட்டுவதற்காகத் தேடப்பட்டு ஒட்டாமையால் புகழ்பெற்ற இப்பொருளுக்கு முதுகில் பசை தடவும் வேலை மற்றவர்களுக்கு வந்து சேர்ந்தது. 1935-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்டான் ஏவரி என்பவர் தானே ஒட்டிக்கொள்ளும் லேபிள் செய்து விற்றார், காகித லேபிள்தான். சலவை இயந்திரத்தின் மோட்டார், தையல் இயந்திரத்தின் பாகங்கள் இவற்றைக் கோத்து அதற்கு இயந்திரமும் கட்டினார். அந்த லேபிளுக்கு அவர் வைத்த விற்பனைப் பெயரே "சுத்தமாக உரிந்து வரும்" என்று உறுதி சொல்வது. ஆக, ஸ்டிக்கர் குலத்தின் ஆதி வாக்குறுதி ஒட்டுவது பற்றியதன்று, உரிவது பற்றியது. பின்வந்த தலைமுறைகள் அதைக் காப்பாற்றவில்லை.

ஏன் காப்பாற்றவில்லை? பிவிசி இயல்பிலேயே விறைப்பானது. தண்ணீர்க் குழாய் அதற்குச் சாட்சி. அதை ஸ்டிக்கராக்க இளக்கி என்ற எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். வெயில் ஏற ஏற இளக்கி கசிந்து வெளியேறுகிறது, கொஞ்சம் பசைக்குள்ளும் இறங்குகிறது. நாலைந்து வருஷத்தில் ஸ்டிக்கர் மறுபடி குழாயின் குணத்துக்குத் திரும்பிவிடும். நகத்தால் கிளப்பினால் நக அளவுக்கே உடைந்து வரும். தாளாக வார்த்த உயர்ரகம் கூடுதலாகத் தாங்கும், உருளையில் நசுக்கி இழுத்த மலிவு ரகம் சீக்கிரம் சுருங்கி வெடிக்கும். துறைமுகத் தெருவின் கடைகளில் எந்த ரகம் அதிகம் விற்கிறது என்பதை வாசகரின் ஊகத்துக்கே விடுகிறேன்.

அடுத்து காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மராமத்து, பெயின்ட், ஸ்டிக்கர் மாற்றம் எல்லாம் அப்போதுதான் சூடுபிடிக்கும். பக்கத்தில் நிற்கும் பைபர் படகுக்காரருக்கும் கை அரிக்கும். இந்த 61 நாளுக்குள்ளேயே கத்திரி வெயில் வந்து போகிறது. மேலை நாட்டார் ஹீட் கன் என்ற கருவிக்குப் பணம் கொடுக்கிறார்கள்; நமக்கு அதை அக்கினி நட்சத்திரம் இலவசமாகத் தருகிறது என்பாரும் உளர். அவர் உரித்துப் பார்த்திலர். இளக்கி முழுதும் போன பிவிசி திரும்ப இளக 80 டிகிரி செல்சியஸை நெருங்க வேண்டும். மே மாத வெயில் படகைத் தொட முடியாதபடி சுடவைக்கும், ஆனால் அந்த அளவுக்குப் போகாது. நடுப்பகலில் நடப்பது இதுதான்: பசை கூழாகும், ஸ்டிக்கர் விறைப்பாகவே இருக்கும், ஸ்டிக்கர் துண்டுதுண்டாக வரும், பசை முழுதும் படகில் தங்கும். விடியலில் பசை இறுகிக் கிடக்கும், அப்போது எதுவும் வராது. ஆகவே காலை ஒன்பதை ஒட்டிய வெயிலில் தொடங்கி, வறண்ட இடங்களில் மட்டும் ஹீட் கன் காட்டுக. ஒரே இடத்தில் நிறுத்தினால் படகின் மேல்பூச்சான ஜெல்கோட் மஞ்சளிக்கும்.

கோணம் பற்றிக் கடற்கரையில் கருத்து வேறுபாடு பெரிது. செங்குத்தாக இழு என்று ஒரு பள்ளி. மடக்கி, படகோடு படகாகப் பின்னுக்கு இழு என்று மற்றொன்று. 1975-இல் கெவின் கெண்டால் என்ற ஆங்கிலேயர் மெல்லிய படலம் உரிவதற்குக் கணக்கு எழுதிவைத்தார். அதன்படி செங்குத்தாக இழுக்க வேண்டிய விசையில் பாதி, முழுக்க மடக்கி இழுப்பதற்குப் போதும். இரண்டாம் பள்ளி வென்றது என்று எழுதலாம்தான். ஆனால் கணக்கில் வரும் படலம் முறியாது. படகில் இருப்பது மடக்கிய இடத்திலேயே முறியும். எனவே ஸ்டிக்கர் இளசாயின் மடக்கு, முதிர்ந்ததாயின் சாய்வாகக் கிளப்பு என்க. வேகம் கூடக் கூடப் பசையும் முரண்டு பிடிக்கும். மெதுவாக இழுப்பவனிடமே அது இணங்கும். இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. 2008-இல் கலிபோர்னியாவில் சில இயற்பியலாளர்கள் சாதாரண ஒட்டு டேப்பை வெற்றிடத்தில் உரித்தபோது எக்ஸ்ரே கிளம்பியது. அதைக் கொண்டு ஒரு விரலின் எலும்பைப் படமும் எடுத்தார்கள். கடற்கரையில் காற்றுக்குப் பஞ்சம் இல்லாததால் உரிப்பவர் அஞ்ச வேண்டாம்.

கருவிகளை விரைந்து கடப்போம். பிளேடு கூடாது, பட்டித்தகடு அதைவிடக் கூடாது. காலாவதியான ஏடிஎம் கார்டு நன்று. அதுவும் பெரும்பாலும் பிவிசிதான் என்பதால் இது முள்ளை முள்ளால் எடுக்கும் வகை. டிரில்லில் மாட்டும் ரப்பர்ச் சக்கரம் ஸ்டிக்கரையும் பசையையும் சேர்த்துத் தேய்த்து எடுக்கும், ஒரே இடத்தில் அழுத்தினால் ஜெல்கோட்டையும் சுடும்.

மிஞ்சிய பசைக்கு மருந்து சொல்வதில் வீட்டுக்கொரு வைத்தியர். மண்ணெண்ணெய் சிறந்தது என்பார் மூத்தோர், அது உண்மை. தேங்காயெண்ணெய் என்பார் வீட்டிலுள்ளோர். அதுவும் உண்மை, ஊறவிடப் பொறுமை இருந்தால். தின்னர் என்பார் பெயின்டர், அவருக்கு அடுத்த வேலை வேண்டும்; துடைத்து எடுக்காமல் விட்டால் பெயின்டும் ஜெல்கோட்டும் சேர்ந்து இளகும். பெட்ரோல் என்பவரைப் பீடியோடு பக்கத்தில் விடாதீர்கள். எந்த எண்ணெய் ஆனாலும் பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் அடுத்த ஸ்டிக்கர் நிற்காது. உரிய வேண்டும் என்று தவம் கிடந்தபோது நின்றதும், நிற்க வேண்டும் என்றபோது உரிவதும் இப்பொருளின் இயல்பு.

இத்தனையும் முடிந்து, பசை போய், துடைத்து, பின்னால் நகர்ந்து பார்த்தால், பழைய பெயர் அங்கேயே இருக்கும். இதுவே இப்படலத்தின் கரு. ஜெல்கோட் என்பது படகின் வெளித்தோல், அரை மில்லிமீட்டர் அளவு. வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் பிசினை அரித்து வெளுக்க வைக்கிறது. விரலால் தடவினால் சுண்ணாம்புத்தூள்போல ஒட்டும். ஸ்டிக்கரின் கீழே மட்டும் வெயில் படவில்லை. அங்கே படகு விற்பனைக்கு வந்த நாளின் நிறத்தில் மின்னுகிறது. எனவே உரித்தபின் தெரியும் பெயரை ஒட்டியவர் எழுதவில்லை, சூரியன் எழுதியிருக்கிறது, சுற்றியுள்ளதையெல்லாம் அழித்து. இதில் அழிக்க வேண்டிய பகுதி எழுத்தன்று. எழுத்து நீங்கலான மொத்தப் படகு.

அதற்கும் வழி உண்டு. 800, 1000 நம்பர் தண்ணீர் உப்புத்தாளில் தொடங்கி ரப்பிங் காம்பவுண்ட் வரை தேய்த்து, வெளுத்த தோலைச் சீவி, புதிய நிறத்துக்குக் கொண்டுவரலாம். எத்தனை முறை? தோல் அரை மில்லிமீட்டர் என்று மேலே சொன்னோம். ஸ்டிக்கர் கடைக்காரர் படகின் மேலேயே வைத்துக் கத்தியால் எழுத்து வெட்டியிருந்தால் இதுவும் பலிக்காது. கத்தி விட்ட கோட்டில் அழுக்கு ஏறி எழுத்தின் வரைகோடு நிலைத்துவிடும். வெறுமனே விட்டால் இரண்டு மூன்று கோடையில் எழுத்தும் வெளுத்து ஊரோடு ஒத்துப்போகும் என்பது சோம்பேறிகளின் மதம். இவ்வாசிரியர் அம்மதத்தைச் சார்ந்தவர்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இக்கடற்கரைக்கு நன்கொடையாக வந்து குவிந்த பைபர் படகுகள் பலவற்றின் விலாவில் கொடுத்தவர் பெயர் இருந்தது. வாங்கியவர் சிலர் பின்னாளில் அதை எடுத்துத் தம் பிள்ளை பெயரை ஒட்டினர். நன்றி மறந்தார்கள் என்று யாரும் பேச வேண்டாம். கொடுத்தவர் பெயரை மறப்பது பசைக்கு மட்டுமே சாத்தியம், ஜெல்கோட்டுக்குச் சாத்தியமில்லை என்பதை மேலே நிறுவினோம்.

இதுவரை சொன்னதெல்லாம் படகின் இடப்புறத்துக்கு. கிழக்குக் கரையில் அணியம் எனும் முன்பகுதி கடலைப் பார்க்கப் படகை ஏற்றி வைத்தால் வலப்புறம் தெற்கே திரும்பி நிற்கும். சென்னை அளவில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரைதான் உச்சிச் சூரியன் வடக்கே சாயும். மற்ற மாதங்களெல்லாம் தெற்கிலிருந்தே காய்ச்சும். ஆகவே வலப்புற ஸ்டிக்கர் இன்னும் முறுகியது, அதன் நிழல் இன்னும் ஆழமானது, அங்கே காலை ஒன்பது மணிக் கணக்கும் ஒத்துவராது. வலப்புறத்துக்குத் தனிப் படலம் எழுத வேண்டும்.