கூடு எங்கே விழும், பேராண்டி?

என்னடா பேராண்டி, சிங்கப்பூர்ல செஞ்ச செயற்கைக்கோளை இந்தியாக்காரன் ராக்கெட்ல ஏத்தி அனுப்பினதுல உனக்கு ரோசம் வந்துருச்சாமே! நாமளே ஒரு ஏவுதளம் கட்டக்கூடாதான்னு தேக்கா கோப்பிக்கடையில சத்தம் போட்டியாம். கட்டலாம்டா, பேஷாக் கட்டலாம். எங்கே, பொங்கோல்லயா, பாசிர் ரிஸ்லயா?

சொல்றேன் கேளு. ராக்கெட் காத்தை உதைச்சுப் போறதில்லை. மேலேதான் காத்தே கிடையாதே, எதை உதைக்கும்? வயித்துல இருக்கிற எரிபொருளை எரிச்சு, அந்த வாயுவை அசுர வேகத்துல பின்னாடி தள்ளுது. அதனால தான் முன்னாடி போகுது. எரிக்கிறதுக்கான ஆக்சிஜனையும் கூடவே கட்டிக்கிட்டுப் போகணும். வம்பு அங்கேதான். சுமையைத் தூக்க எரிபொருள், அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள்.

2023 ஏப்ரல் 22, நோன்புப் பெருநாள் அன்னிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலேர்ந்து கிளம்புச்சே பிஎஸ்எல்வி-சி55, அதோட எடை 228 டன். தூக்கினது நம்ம டெலியோஸ்-2, வெறும் 741 கிலோ. கூட ஒட்டிக்கிட்டுப் போன லூமிலைட்-4 பதினாறே கிலோ. ஊருக்குப் போறப்ப முஸ்தபாவில வாங்கி அடைச்சுட்டு, ரெண்டு கிலோ கூடிப்போச்சுன்னு சாங்கியில நின்னு கெஞ்சுறியே, அந்த ரெண்டு கிலோவுக்கு அங்கே அறுநூறு கிலோ ராக்கெட் வேணும்டா.

அதான் நாலு அடுக்கா கட்டி, எரிஞ்சு முடிஞ்ச கூட்டை அப்பப்பக் கழட்டி விட்டுடறான். அவனுக்கு வங்காள விரிகுடா இருக்கு. கிழக்கே ஏவினா பூமி சுத்துற வேகமும் இனாம். அங்கே நொடிக்கு 450 மீட்டர், பூமத்திய ரேகைகிட்ட இருக்கிற நமக்கு இன்னும் கொஞ்சம் கூட. இனாம்னதும் கண்ணு விரியுது பாரு! ஆனா நம்ம கூடு எங்கேடா விழும்? கிழக்கே கப்பல் வரிசை, தாண்டினா போர்னியோ. சிகரெட் துண்டைப் போட்டாலே அபராதம் கட்டுற ஊர்ல, டன் கணக்குல இரும்பைப் போட்டுட்டு எந்த கவுண்டர்ல போய் நிப்பே?

2011ல நம்ம எக்ஸ்-சாட், 2015 டிசம்பர்ல டெலியோஸ்-1 உட்பட ஆறு செயற்கைக்கோள், எல்லாம் அதே பிஎஸ்எல்வி சவாரிதான். வாடகை வண்டியில போனா மாப்பிள்ளைக்கு மதிப்பு குறைஞ்சுடுமா?

மேலே போனது விழாதான்னு கேக்காதே. விழுந்துக்கிட்டேதான் இருக்கு. நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் பக்கவாட்டுல ஓடறதால, அது விழற அளவுக்குப் பூமியும் வளைஞ்சு விலகிடுது. ஏழரைன்னதும் முகத்தைச் சுளிக்காதே, இது சனி இல்லை.

டெலியோஸ்-1க்கு கேமராக் கண்ணு. நம்ம ஊரு மேகம் மறைச்சா முழிக்கும். டெலியோஸ்-2க்கு ரேடார், மேகமும் ராத்திரியும் அதுக்கு ஒண்ணுதான். ஒரு மீட்டர் அளவு வரைக்கும் பிரிச்சுக் காட்டுமாம். எம்சி போட்டுட்டு ஈஸ்ட் கோஸ்ட் மணல்ல படுத்திருக்கியே, எதுக்கும் தொந்தியை அளந்து வெச்சுக்க.