"எங்க காலத்துல" பெரியவர்

"எங்க காலத்துல" பெரியவர் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் காணப்படுபவர். வயது எழுபதை ஒட்டியது. கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் நாற்காலி அவருடையது. மருமகள் மூன்று முறை கூப்பிட்டாலும் காதில் விழாது, வீட்டின் கோடியில் யாராவது "சே!" என்று அலுத்துக்கொண்டால் மட்டும் துல்லியமாகக் கேட்கும்.

வீடியோ கால் பாதியில் நின்றுவிட்டதென்று பேரன் முனகினால் போதும். "எங்க காலத்துல ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு போஸ்ட் ஆபீஸ்ல காவல் கிடப்போம், தெரியுமாடா?" என்று தொடங்கிவிடுவார். அவர் சொல்வது பொய்யில்லை. வெளியூருக்குப் பேசப் பதிவு செய்யும் ட்ரங்க் காலில் சாதாரணம், அர்ஜன்ட், லைட்னிங் என்று வகைகள் இருந்தன. லைன் கிடைத்தாலும் கட்டணம் மூன்று நிமிடக் கணக்கில் ஏறும் என்பதால், நலம் விசாரிப்பதற்குள் பாதிப் பணம் போய்விடும். வீட்டுக்குத் தொலைபேசி வேண்டுமென்று எழுதிக் கொடுத்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கும் அதே கதிதான். பதிவு செய்தபோது பிறக்காத பிள்ளை, வண்டி வந்த அன்று முன்பக்கம் நின்றுகொண்டு ஊர்வலம் போனதாகப் பெரியவர் சொல்வார். இதில் கொஞ்சம் கலப்படம் இருக்கலாம்; அதிகம் இல்லை.

ஆன்லைனில் வாங்கிய பிரியாணி பத்து நிமிடம் தாமதமானால், அரிசிக் கதை வரும். 1960களின் நடுவில் சோற்றுக்குத் திண்டாட்டமாகி, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையைத் தின்னப் பழகியது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. முழங்கியது, ஆட்சிக்கு வந்தபின் அந்த ஒரு படி சென்னையிலும் கோவையிலும் கிடைக்கத் தொடங்கியது. இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் பிரியாணி வந்துவிடும். பெரியவருக்கும் ஒரு தட்டு வைப்பார்கள். பீஸ் சின்னதாக இருக்கிறதென்று குறைப்பட்டுக்கொள்வார்.

சொந்தக் கஷ்டம் தீர்ந்துவிட்டால் அப்பாவின் கஷ்டத்தை எடுத்துக்கொள்வது இவ்வகையினரின் வழக்கம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பீதியில் சென்னையே காலியானதை, 1955இல் பிறந்த ஒருவர் மூட்டை தூக்கிய தோள்வலியோடு விவரிப்பார். தடுக்க ஆளில்லாவிட்டால் 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்கும் தானே சாட்சி என்பதுபோலப் பேசுவார்.

தடுக்கும் ஆள் சமையலறையில் இருக்கிறார். "கையால ஆட்டுன மாவுல இட்லி எப்படி இருக்கும் தெரியுமா? எங்க காலத்துல கரண்டா, கிரைண்டரா?" என்று பெரியவர் உருகும்போது, உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்பார்: "நீங்களா ஆட்டுனீங்க?" பெரியவர் உடனே செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். அம்மி, ஆட்டுக்கல், கிணற்றடி, விறகுப் புகை என்று அந்தக் காலத்துக் கஷ்டத்தில் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் பெண்கள். அதைப் பொற்காலமாக்கி ஏங்கும் வேலையில் அவர்களுக்கு அக்கறையில்லை. ஆட்டுக்கல் இப்போது கொல்லையில் துளசித் தொட்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் திரும்ப உள்ளே கொண்டுவரும் யோசனையை அந்த அம்மாள் காதுகொடுத்துக்கூடக் கேட்கமாட்டார்.

இந்தப் பேச்சால் பயன் உண்டா என்றால், உண்டு என்றுதான் சொல்லவேண்டும். நின்றுபோன வீடியோ கால் ட்ரங்க் கால் கதையால் சரியாகப் போவதில்லை. ஆனால் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்ட பேரனுக்கு எரிச்சல் பாதி இறங்கிவிடுகிறது. கதை உபதேசமாக மாறும்போதுதான் அவன் இடத்தைக் காலி செய்கிறான். பெரியவருக்கே இந்த மருந்து வேலை செய்வதில்லை என்பது வேறு விஷயம். இரண்டு நிமிடம் கரண்ட் போனால் மின்வாரியத்துக்குத் தெருவில் முதலில் போன் போடுபவர் அவர்தான்.

இந்த இனம் அழிந்துவிடும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். 2012இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. அன்று கல்லூரியில் படித்தவர்கள் இன்று தகப்பன்மார். பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லும் கதையில் மின்வெட்டு இப்போதே இருபது மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.