எறாவுக்கு வக்காலத்து

வாடா பேராண்டி, இப்படி ஒக்காரு. மீனு, எறா, நண்டுக்கெல்லாம் நல்லது பண்ண டிரஸ்ட் ஆரம்பிக்கப் போறியாம்ல? நேத்து ராத்திரி உங்க அப்பாயி சொன்னா. சொல்லிட்டு, "அப்ப நாளைக்குக் கொழம்புக்கு என்ன பண்றதாம்?"னு கேட்டா. மொதல்ல அடுப்படிக்குப் பதில் சொல்லு. காசு குடுக்குற அமெரிக்காக்காரனுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்.

லோகோ கூட வரைஞ்சாச்சு போல. டால்பின் சிரிக்குது! நம்ம வேதாரண்யம் பக்கம் எவன்டா பண்ணையில டால்பின் வளக்குறான்? ஆமைக்கு ஆளு இருக்கு. தை மாசி ஆனா காலேஜ் புள்ளைங்க டார்ச்சைத் தூக்கிக்கிட்டு ராத்திரியெல்லாம் ஆமை முட்டையைத் தேடிக் கடக்கரையில அலையுதுங்க. மூஞ்சி லட்சணமா இருந்தா பரிஞ்சு பேச நாலு பேரு வருவான். எறாவுக்கு என்ன இருக்கு? மீசைதான் இருக்கு. அந்த மீசைக்காரனுக்காக ஊர்ல ஒருத்தனும் வாயத் தெறக்கல. போட்டி இல்லாத எடமாப் பாத்துக் கடை போடுற பாரு, அதுல நீ உங்க அப்பனைவிட வெவரம்தான்.

நீ வச்சுட்டுப் போன காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படிச்சேன். 2003ல லின் ஸ்னெடன்னு ஒரு அம்மா, அங்க ஸ்காட்லாந்துல, டிரவுட் மீனோட ஒதட்டுல அமிலத்தை ஊசியில ஏத்திப் பாத்துருக்காங்க. மீனு தீனிய விட்டுட்டு, ஒதட்டைக் கொண்டு போயி தொட்டியில கெடந்த சரளையில தேச்சுருக்கு. வலிக்கு மருந்து குடுத்ததும் தேய்க்கிறது கொறைஞ்சுச்சாம். போன வருசம் பல்லு வலியில நான் தலவாணியில கன்னத்தைத் தேச்ச மாதிரிதான். 2022ல இங்கிலாந்துக்காரன், நண்டு எறா ஆக்டோபஸுக்கெல்லாம் உணர்ச்சி உண்டுன்னு சட்டத்துலயே சேத்துட்டான். பெருசா சொல்ல வந்துட்டே! 1960லயே நம்ம மிருகவதைச் சட்டத்துல, மனுசன் நீங்கலா உசுருள்ளது எல்லாமே விலங்குதான்னு எழுதி வச்சாச்சு. அறுவது வருசத்துக்கு மேல எறாவுக்குச் சட்டம் இருக்கு, எறாவுக்குத்தான் சேதி போகல. ஸ்டேசனுக்குப் போயி எறாவுக்காக ஒரு எஃப்.ஐ.ஆர். போடுங்கன்னு கேட்டுப் பாரேன். ஏட்டையா உன்னைய எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாருன்னு பாப்போம்.

சரி, கிண்டல் போதும், வேலைக்கு வா. எறாவோட கஷ்டம் தெரியணும்னா ஹாலு பிடிச்சுக் கூட்டம் போடாத. விடியக்காலம் நாலு மணிக்குப் பண்ணைக் கரைக்கு வா. பகல்ல தண்ணிப் பாசி வெயிலை வாங்கிக்கிட்டு பிராணவாயுவை விடும். ராத்திரி ஆனா அதுவும் சேந்து இழுக்கும். அதனால விடியுறதுக்குக் கொஞ்சம் முந்திதான் தண்ணியில காத்து ரொம்பக் கம்மியா இருக்கும். அந்நேரம் பாத்து கரண்டு போயி தண்ணிக்குக் காத்தடிக்கிற ஏரேட்டர் நின்னுச்சுன்னு வையி, எறா பூராவும் கரையோரமா மேல ஏறி வந்துரும். தண்ணிக்கு மேல மீசைங்களா ஆடும். காவக்காரன் டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு ஜெனரேட்டருக்கு ஓடுவான் பாரு ஓட்டம்! மொதலாளி பணத்துக்காக ஓடுறான், எறாவுக்கு மூச்சு திரும்புது. உன் டிரஸ்ட்டுக்கு வழி அந்த ஓட்டத்துலதான்டா இருக்கு. மொதலாளிகிட்ட போயி ஜீவகாருண்யம் பேசுனியோ, டீ குடுத்து அனுப்பிருவான். தண்ணி நல்லாருந்தா சாவு கம்மி, நோவு கம்மின்னு கணக்குப் பேசு, நாற்காலி போடுவான்.

இதை ஆந்திராவுல ஏற்கெனவே பண்றாங்க. ஃபிஷ் வெல்ஃபேர் இனிஷியேட்டிவ்னு 2019ல தொடங்குன கூட்டம், மீன் வளக்குற குளத்துத் தண்ணியை அளந்து பாத்து, இன்னைக்கு இதைச் செய்யின்னு குளத்துக்காரனுக்குச் சொல்லுது. எறாவுக்குன்னே ஷ்ரிம்ப் வெல்ஃபேர் ப்ராஜெக்ட்னு இன்னொண்ணு. ஐஸ் தண்ணியில போட்டுத் துடிக்கத் துடிக்கச் சாக விடாம, கரண்டு வச்சு ஒரு நொடியில மயக்குற மெசினை எறா கம்பெனிக்கு ஓசியிலயே குடுக்குறான். பதிலுக்கு, வருசத்துக்கு இத்தனை டன்னு இந்த வழியிலதான்னு எழுதி வாங்கிக்கிறான். ஓசியில குடுத்தும் கையெழுத்து வாங்குறவன் ஆளு! நீயா இருந்தா மெசினைக் குடுத்துட்டு போட்டோ எடுத்துட்டு வந்துருப்ப.

பண்ணையில வளக்குற வனாமி எறா 2009ல நம்ம நாட்டுக்கு வந்தப்பவே, சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல விடாதேன்னு விதி போட்டாங்க. புது விதி கேட்டு மனு எழுதுறதுக்கு முந்தி, இருக்குற விதி எந்தக் குட்டையில உசுரோட இருக்குன்னு எண்ணிப் பாரு. குஞ்சு பொரிக்கிற ஹேச்சரிக்கும் ஒரு நடை போ. சீக்கிரம் முட்டை விடணும்னு தாய் எறாவோட ஒரு கண்ணைக் காம்போட நசுக்கி எடுக்குற பழக்கம் இருக்கு. கண்ணை எடுக்காமலே முட்டை எடுக்குறவனும் இருக்கான். அவனைத் தேடிப் பிடிச்சு மத்தவனுக்குக் காட்டு. உன் டால்பினைவிட அவன்தான் உனக்கு உதவுவான்.

வெளிநாட்டுக் காசு கொட்டும்னு கனாக் காணாத. சங்கம் மூணு வருசம் ஓடியிருக்கணும், 15 லட்சம் செலவு காட்டணும், அப்புறந்தான் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுக்கே மனு. கெடைச்சாலும் பணம் வந்து எறங்குறது டெல்லி ஸ்டேட் பாங்குல. வேதாரண்யத்து எறாவுக்கு டெல்லியில பாஸ்புக்!

இன்னொண்ணையும் மறந்துறாத. எறாப் பண்ணையை எதுத்து சர்வோதய ஜெகநாதன் அய்யா சுப்ரீம் கோர்ட்டுக்கே போனாரு, 1996 டிசம்பர்ல தீர்ப்பும் வாங்குனாரு. அவரு கேட்டது வயலுக்கும் குடிதண்ணிக்கும் ஏழைபாழைக்கும். உப்பேறுன வயக்காட்டுக்காரன் உன் போர்டைப் பாத்தா, "எறாவுக்கு டிரஸ்ட் இருக்கு, எனக்கு எங்கடா?"ன்னு கேப்பான். கேக்கட்டும், நியாயம்தான். குட்டையில எறாக் கூட்டம் கொறைஞ்சா வாய்க்காலுக்கு வர்ற கழிவுத் தண்ணியும் கொறையும்னு சொல்லு. சொல்றதோட விடாம அளந்தும் காட்டு.

அதனால லெட்டர்பேடு அடிக்கிற காசுல பிராணவாயு அளக்குற மீட்டரு ஒண்ணு வாங்கு. காவக்காரன்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன், ஒரு அறுவடை முடியிற வரைக்கும் கரையிலயே கெட. அப்பவும் ஆரம்பிச்சே தீருவேன்னா, மொத நன்கொடை 500 ரூவா என்னுது. வரிச்சலுகை ரசீது மட்டும் சரியாப் போட்டுக் குடுத்துரு. எனக்கு வருமானம் இல்ல, ஆனாலும் ரசீது வேணும்.