ஒரு பைட் மிச்சம்: ஓர் ஆராய்ச்சி

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு பைட் முழு எண் ஏன் இல்லை என்ற வினா, அதற்குத் தகுதியான ஆய்வேடு இல்லாமல் இத்தனை காலம் கிடப்பது அறிவுலகுக்கு அழகல்ல. அங்கே ஸ்மால்இன்ட் 2 பைட், இன்டிஜர் 4, பிக்இன்ட் 8. அதோடு குடும்பம் முடிந்தது. எஸ்கியூஎல் தரநிலை பெயர் சொல்லி அழைப்பதும் இந்த மூவரைத்தான். அடுத்த வீடான மைஎஸ்கியூஎல்லில் ஒரு பைட் டைனிஇன்ட் உண்டு, 3 பைட் மீடியம்இன்ட்கூட உண்டு. மூன்றே நிலை உள்ள ஒரு ஸ்டேட்டஸுக்கு 32,767 வரை எண்ணத் தெரிந்தவனை எதற்கு வேலைக்கு வைக்க வேண்டும் என்று பரபக்கத்தார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மிச்சமாகும் அந்த பைட் எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு இன்டிஜர் ஐடி, ஒரு ஸ்டேட்டஸ், இவ்வளவே உள்ள டேபிளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ரோவின் தலையிலும் 23 பைட் ஹெடர், நிரவியபின் 24. ஐடிக்கு 4, ஸ்மால்இன்ட்டுக்கு 2, ஆக 30. 64 பிட் கணினியில் ரோ எட்டின் மடங்கில் முடிய வேண்டுமென்பதால் 32. இப்போது ஸ்டேட்டஸை ஒரு பைட்டாகச் சுருக்குங்கள். கூட்டுத்தொகை 29, எட்டின் மடங்குக்கு ஏற்றினால் மறுபடி 32. மிச்சம் பிடித்த பைட் வீட்டைவிட்டுப் போகவில்லை, வேலை இல்லாமல் அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸில் ஒல்லியானவருக்கும் ஒரு சீட்தான், டிக்கெட்டும் முழு டிக்கெட்தான். ஐடியை விட்டுவிட்டு, சின்னக் காலங்களை (நெடுவரிசைகளை) மட்டும் இருபதாக அடுக்கினால் என்ன என்பார்கள். அங்கே அவர்கள் கட்சி வெல்கிறது: ஸ்மால்இன்ட் என்றால் ரோவுக்கு 64 பைட், ஒரு பைட் வகை என்றால் 48. ஒரு கோடி ரோவில் 16 கோடி பைட். ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடும் கருத்துக்கணிப்புகளை மட்டுமே சேமித்து வாழ்கிறவர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை, மற்றவர்களுக்கு அல்ல.

செலவுக் கணக்கு வேறு பக்கத்தில் இருக்கிறது. மூன்று முழு எண் வகைகளும் ஒன்றோடொன்று கலந்து பழக, ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் 9 வடிவம் வேண்டும். நாலாவது ஆள் வந்தால் 16. ஆறு ஒப்பீடு, நாலு கணக்குக் குறி என்று பத்தை மட்டும் எண்ணினாலே 90 என்பது 160 ஆகிறது. ஒரு மருமகள் வந்ததற்கு எழுபது புது உறவுமுறை! கலப்பு வடிவங்கள் வேண்டாமென்று விட்டுவிடலாமே என்றால், அதுவும் நடக்காது. கொயரியில் எழுதும் வெறும் 5, போஸ்ட்கிரெஸின் கண்ணுக்கு இன்டிஜர். ஒரு பைட் காலத்தை அதோடு ஒப்பிடக் கலப்பு ஆபரேட்டர் இல்லையென்றால், காலமே இன்டிஜராக மாற்றப்படும். அதன்மேல் கட்டிய இண்டெக்ஸ் சும்மா கிடக்கும். போஸ்ட்கிரெஸே தன் கேட்டலாகில் மேற்கோள் குறிக்குள் எழுதும் ஒரு பைட் ‘சார்’ வகையை வைத்திருக்கிறதே என்று மடக்குவோர் உண்டு. உண்மைதான், ஆனால் அது டேபிளா இண்டெக்ஸா என்று ஒற்றை எழுத்தில் குறித்துவைக்கும் சீட்டு. அதைக் கூட்டவோ பெருக்கவோ யாரும் போவதில்லை.

சேர்ப்பதென்றே முடிவானாலும், எதைச் சேர்ப்பது? மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரின் டைனிஇன்ட் 0 முதல் 255 வரை. தமிழின் 247 எழுத்தும் அதில் தாராளமாக உட்காரும், -1 மட்டும் உட்காராது. மைஎஸ்கியூஎல்லில் சாதாரணமாக -128 முதல் 127 வரை. இரண்டு சாதியும் வேண்டும் என்கிறவர்களுக்கு ‘பிஜியூஇன்ட்’ என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. வேண்டியவர் நிறுவிக்கொள்ளட்டும், மற்றவர்கள் ஸ்மால்இன்ட்டில் ஒரு செக் போட்டுக்கொள்ளட்டும். எதை எடுத்தாலும் எல்லையைப் பார்த்து எடுப்பது நல்லது. 127-ஐ நம்பி ஒருவர் திருக்குறள் அதிகார எண்களை ஏற்றினால், அவர்வயின் விதும்பல் வரை ஒழுங்காக ஏறும். அதற்கப்புறம் எர்ரர். தலைவனும் தலைவியும் ஏக்கத்திலேயே நிற்க, புலவி நுணுக்கமும் ஊடலுவகையும் உட்பட ஆறு அதிகாரங்கள் டேபிளுக்கு வெளியே காத்துக்கிடக்கும்.