பாசப்படக்காரர்

சித்திரை பிறந்துவிட்டால் பாசப்படக்காரருக்கு இருப்புக் கொள்ளாது. மே மாதம் இரண்டாவது ஞாயிறு அன்னையர் தினம். அதற்குள் ஒரு தாயும் குட்டியும் கேமராவில் விழுந்தாக வேண்டும். எந்தத் தாய் என்பதில் அவருக்குப் பிடிவாதம் இல்லை. யானை கிடைத்தால் உத்தமம், குரங்கு மத்திமம், மான் என்றால் போனால் போகிறது. போன வருடத்துப் படத்தையே போட்டுவிடலாமே என்று யாராவது கேட்டால், கேட்டவரை ஒரு மாதிரி பார்ப்பார். போன வருடப் படத்தில் குட்டியின் இடது கண் ஷார்ப் இல்லை.

இவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ ஓரளவு பெரிய நாற்காலி. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். மகள் பிறந்தபோது ஒரு சின்ன கேமரா வாங்கினார். மகள் வளர்ந்து, "அப்பா, போதும்ப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட வயதில் கேமராவும் காட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. இன்று கையில் இருப்பது 600 எம்.எம். லென்ஸ். மூன்று கிலோ எடை, பத்து லட்சத்துக்கு மேல் விலை. வீட்டில் சொல்லியிருக்கும் விலை வேறு. உடம்பில் இலையும் சருகும் அச்சடித்த சட்டை, அதே அச்சில் தொப்பி, அதே அச்சில் லென்ஸுக்கு ஒரு கோட்டு. விலங்குகளின் கண்ணில் படாமல் இருப்பதற்காகவாம். அவர் உட்கார்ந்திருப்பதோ, ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் சிப்ஸ் கொறித்துக்கொண்டிருக்கும் சஃபாரி வண்டியில்.

காட்டுப் படக்காரர்களில் பல ரகம் உண்டு. புலி மானை அடிக்கும் கணத்துக்காகவே உயிரோடு இருப்பவர்கள், பறவைகளைப் பட்டியல் போட்டு டிக் அடிப்பவர்கள், தவளைக்காக இரவெல்லாம் சேற்றில் படுத்திருப்பவர்கள். இவர் யாரோடும் ஒட்டமாட்டார். "ரத்தம், வேட்டையெல்லாம் நமக்கு ஆகாது சார். எனக்கு எமோஷன் வேணும்" என்பார். அந்தச் சொல்லில் 'மோ' மட்டும் கொஞ்சம் நீளும்.

இந்த எமோஷனுக்குத் தமிழ்நாட்டில் பழைய பாரம்பரியம் உண்டு. கோவைக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர் 1956-ல் தம் முதல் படத்துக்குத் 'தாய்க்குப் பின் தாரம்' என்று பெயர் வைத்தார். 1972-ல் 'நல்ல நேரம்' எடுத்து எம்.ஜி.ஆரோடு யானைகளையும் இறக்கினார். தாய் என்றாலும் ஓடும், யானை என்றாலும் ஓடும். இரண்டையும் ஒரே ஃபிரேமில் நிறுத்தினால் என்ன என்று ஒருவர் யோசித்த இடத்தில் பாசப்படக்காரர் அவதரித்தார்.

படம் எடுப்பது அவருக்குப் பாதி வேலைதான். மீதிப் பாதி தலைப்பு வைப்பது. சில தலைப்புகள் படத்துக்கு முன்பே தயாராக இருக்கும். பொருத்தமான விலங்கு கிடைக்கும்வரை செல்போனில் சேமித்து வைத்திருப்பார். "கருவறையின் நிழல்." "அவள் இருக்க அச்சம் ஏன்?" "முந்தானை இல்லாத தாய்." இந்த மூன்றாவதற்கு விழுந்த இதயங்களை அவர் இன்னும் மறக்கவில்லை.

உறவுமுறையைக் கண்டுபிடிப்பதில் அவருடைய விதி எளிமையானது. பெரிசு ஒன்றும் சிறிசு ஒன்றும் பக்கத்தில் நின்றால் தாயும் சேயும். காடு இந்த விதியை அவ்வளவாக மதிப்பதில்லை. யானைக் கூட்டத்தில் குட்டியைப் பார்த்துக்கொள்வது தாய் மட்டுமல்ல. அக்கா, சித்தி, பெரியம்மா, பாட்டி என்று ஒரு படையே உண்டு. நீலகிரிக் கருமந்தியின் குட்டி செம்பழுப்பு நிறத்தில் பிறக்கும். கறுப்புத் தாயின் மடியில் அந்த நிறத்தைப் பார்த்தால் இவருக்குக் கை நடுங்கும். ஆனால் அந்தக் குட்டியைக் கூட்டத்தின் மற்றப் பெண்களும் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். ஆகவே அவருடைய ஆல்பத்தில் இருக்கும் அம்மாக்களில் பலர் சித்திகளாக இருக்கக்கூடும். சித்தியும் அம்மாதானே, அது போகட்டும். போக விட முடியாதது அந்தக் காலண்டர் விவகாரம்.

ஆசிய யானைகளில் தந்தம் ஆணுக்குத்தான். தந்தம் இல்லாவிட்டால் பெண் என்று முடிவு கட்டிவிட முடியாது. தந்தம் முளைக்காத ஆணும் உண்டு, மக்னா என்பார்கள். பாசப்படக்காரர் சொந்தச் செலவில் காலண்டர் அடித்தார். அட்டையில் ஒரு மாபெரும் யானை, அதன் ஓரமாக ஒரு குட்டி, மேலே தங்க எழுத்தில் "அன்னையே ஆலயம்". ஒரு பிரதியை ஆசையாகக் கொண்டுபோய் ஒரு பாகனிடம் கொடுத்தார். பாகன் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா இருக்குங்க சார். ஆனா இது மக்னாங்க." பாசப்படக்காரர் ஒரு கணம்தான் தடுமாறினார். "பரவால்ல, எமோஷன் மாறலையே" என்றார்.

வால்பாறையில் புதுத்தோட்டம் அவருடைய கோயில். தேயிலைக்கு நடுவே துண்டாக மிஞ்சிய மழைக்காடு, அதில் சிங்கவால் குரங்குகள். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கிற அந்த விலங்கு, இங்கே சாலையோரத்தில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேன் பார்க்கும். சாதாரண செல்போனிலேயே பிடிக்கலாம். அவரோ பத்து லட்சத்து லென்ஸோடு தரையில் குப்புறப் படுப்பார். குட்டியின் கண் மட்டத்தில் கேமரா இருக்க வேண்டுமாம். பின்னால் தெரியும் தகரக் கூரையையும் தண்ணீர் டேங்கையும் வெட்டிவிட்டால் மிச்சம் மழைக்காடு. "மனிதக் காலடி படாத வனத்தில்" என்று எழுதும்போது, அவரைத் தாண்டிப் போக முடியாமல் அரசுப் பேருந்து ஹாரன் அடித்ததை எழுதமாட்டார்.

இரவிகுளத்தின்மேல் அவருக்குத் தீராத வருத்தம். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தத் தேசியப் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். செங்குத்துப் பாறையில் நிற்கப் பழகாத குட்டிகள் கூட்டத்தைப் பார்த்து மிரளக் கூடாது என்பது காரணம். "குட்டி போடற சீசன்ல மூடிட்டா நாங்க குட்டியை எப்ப சார் எடுக்கறது?" என்று நியாயம் கேட்பார். அடுத்த வாக்கியத்தில் வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்றும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்வார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவருடைய வாழ்நாள் கனவு, யானைக்குட்டி பால் குடிக்கும் படம். யானைக்கு மடி முன்னங்கால்களுக்கு இடையில். ஏறக்குறைய நூறு கிலோவோடு பிறக்கிற குட்டி, தும்பிக்கையைத் தூக்கி ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு வாயால்தான் குடிக்கும். முதல் சில மாதங்களுக்குத் தும்பிக்கையை என்ன செய்வது என்று அதற்கே தெரியாது. ஆட்டும், சுருட்டும், சமயத்தில் தானே மிதித்துக்கொள்ளும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, நொடிக்கு இருபது படம் போய்க்கொண்டிருக்கும். அந்த இருபதிலும் தாயின் பிருஷ்டம்தான் இருக்கும். குட்டி எப்போது பார்த்தாலும் அந்தப் பக்கம். வண்டியைச் சுற்றிக்கொண்டு போனால் குட்டி இந்தப் பக்கம் வந்துவிடும்.

ஒருமுறை மசினகுடிப் பக்கம் ஜீப் ஓட்டும் பையனிடம் இதைச் சொல்லி அங்கலாய்த்தார். "ஏன் தம்பி, நம்ம ராசியா இது? எப்பவும் அந்தப் பக்கமே நிக்குது?"

"நாம இந்தப் பக்கம் நிக்கறோம்ல சார்" என்றான் பையன்.

பாசப்படக்காரர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அதற்குப் பிறகு அவருடைய ஆல்பத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை. குட்டியை நடுவில் விட்டுப் பெரிய யானைகள் சுற்றி நிற்கும் படம், தலைப்பு "கூட்டுக் குடும்பம்". வண்டி நெருங்கியதால் போட்ட காவல் அது. குரங்கு தன் குட்டியை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு கேமராவையே பார்க்கும் படம், தலைப்பு "உயிரில் கலந்தவள்". குரங்கு ஓடுவதற்கு முன் சாமான் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காதுகளை விரித்துத் தலையை நிமிர்த்தி ஒரு தாய் யானை நேராக முறைக்கும் படத்துக்கு அவர் வைத்த பெயர் "ஆசீர்வாதம்". அன்று டிரைவர் ரிவர்ஸ் கியர் போட்டிராவிட்டால் அது கிடைத்துமிருக்கும்.

புலி விஷயத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. தடோபா, ரந்தம்பூர், பெஞ்ச் என்று விமானம் ஏறிப் போவார். பெஞ்சில் 'காலர்வாலி' என்று ஒரு பெண்புலி இருந்தது. எட்டு ஈற்றில் 29 குட்டிகள் போட்ட மகராசி. 2022 ஜனவரியில் அது இறந்த அன்று பாசப்படக்காரர் தம் முகப்புப் படத்தைக் கறுப்பாக்கிவிட்டு ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தார். உண்மையான துக்கம்தான், சந்தேகமில்லை. அவர் தவம் கிடப்பது வேறொரு காட்சிக்கு: புலி தன் குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு நடக்கும் காட்சி. கவ்வியதும் குட்டி அசையாமல் தொங்கும், அத்தனை கூரான பற்களும் மெத்தென்று பதிந்திருக்கும். பார்த்தால் நமக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்யும். ஆனால் பெண்புலி எதற்காகக் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறது? வீடு மாற்றுவதற்கு. குட்டிகளை மறைத்து வைத்திருக்கும் இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். அப்படித் தோன்றுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். புதருக்கு எதிரே வரிசையாக நின்று "வரும், வரும், பொறுங்க" என்று கிசுகிசுக்கும் ஜீப்புகளும் அவற்றில் ஒன்று.

அவருடைய வாட்ஸ்அப்பில் மிக அதிகமாகப் பகிரப்பட்ட தாய்ப்பாசப் படம் அவர் எடுத்ததல்ல. மூன்று சிவிங்கிப்புலிகள் ஒரு இம்பாலா மானைப் பிடித்திருக்கின்றன. மான் அசையாமல் நிமிர்ந்து நிற்கிறது. தன் குட்டிகள் தப்பி ஓடுவதற்காகத் தாய்மான் தன்னையே கொடுத்தது, இதை எடுத்தவர் மனம் உடைந்து நோயில் விழுந்துவிட்டார் என்று கதை. இரவு பதினோரு மணிக்கு இதை அனுப்பிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தை 2013-ல் கென்யாவின் மசாய் மாராவில் எடுத்தவர் அலிசன் புட்டிஜீஜ். 2017-ல் கதை உலகமெல்லாம் பரவியபோது, தமக்கு நோயும் இல்லை நொடியும் இல்லை என்று அவரே மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. மான் யாருக்காகவும் தியாகம் செய்யவில்லை, அதிர்ச்சியில் உறைந்து நின்றது. அந்தப் படத்தில் ஒரு தாய் இருக்கத்தான் செய்கிறாள். மானின் குரல்வளையைப் பிடித்திருக்கும் சிவிங்கிப்புலி அவள். மற்ற இரண்டும் அவளுடைய வளர்ந்த பிள்ளைகள். அன்றைக்கு அவர்களுக்குக் கொல்லும் பாடம். இதை நான் பாசப்படக்காரருக்கு விளக்கினேன். "அப்படிப் பார்த்தா எமோஷன் போயிருதே" என்றார்.

2023 டிசம்பரில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கூட்டத்தைப் பிரிந்த ஒரு யானைக்குட்டியை வனத்துறை ஊழியர்கள் தேடிப்பிடித்து, டிரோன் வைத்துக் கூட்டம் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து, தாயிடம் சேர்த்தார்கள். அதன் பிறகும் தூரத்திலிருந்து கண்காணித்தபோது களப்பணியாளர் ஒருவர் எடுத்த படம் வெளியே வந்தது. படுத்திருக்கும் தாய், அவள்மேல் சாய்ந்து மதியத் தூக்கம் போடும் குட்டி. இரண்டுமே கேமரா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாடே பார்த்து நெகிழ்ந்தது. பாசப்படக்காரர் படத்தைப் பெரிதாக்கி, மூலைக்கு மூலை போய், உதட்டைப் பிதுக்கினார். "ஹைலைட் போயிருச்சு. இன்னும் கொஞ்சம் கிட்டப் போயிருக்கலாம்."

இந்த வருடம் யாரோ இருவாட்சியைப் பற்றி அவர் காதில் போட்டுவிட்டார்கள். பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் போய், எச்சத்தாலும் மண்ணாலும் வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கும். ஆண் பறவை அத்திப்பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து அந்தக் கீறல் வழியாக ஒவ்வொன்றாக ஊட்டும். கேட்டதும் அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "தன்னைத் தானே சிறைவைத்த தாய்" என்று தலைப்பு அன்றே செல்போனில் ஏறியது. கூட்டில் எடுத்த படங்களைப் பல போட்டிகளில் சேர்ப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தோம். இது போட்டிக்கில்லை, அம்மாக்களுக்கு என்றார்.

வால்பாறைக்கு மேலே ஒரு சரிவில், பொந்துக்கு நேர் எதிரே முக்காலியை ஊன்றி உட்கார்ந்தோம். தாய் தெரியவில்லை. அவரிடமிருந்து தப்பிக்க வேண்டுமென்று கதவையே அடைத்துக்கொண்ட தாயை அன்றைக்குத்தான் பார்த்தேன்; பார்த்தேன் என்பதும் பொய், அலகு நுனிதான். தூரத்து மரத்தில் ஆண் பறவை வந்து உட்கார்ந்தது. ஒரு தரம் குரல் கொடுத்தது. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று தலையைத் திருப்பியது. பொந்துப் பக்கம் மட்டும் வரவில்லை.

கூட வந்த வாட்சர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சார், ஆணு வந்து ரொம்ப நேரமாச்சு. நம்மளப் பாத்துட்டு இறங்க மாட்டேங்குது. உள்ள அம்மாவும் குஞ்சும் பசியோட கெடக்கும். கொஞ்சம் கீழ போயிரலாங்களா?"

பாசப்படக்காரர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் விடு தம்பி. நல்லாப் பசிச்சாத்தான் ஊட்டும்போது எமோஷன் வரும்."