சைலன்சரும் மூன்றாவது போல்ட்டும்

கார் பழுதுபார்க்கும் கையேடுகளை எழுதுகிறவர்கள் கடற்கரையோரம் குடியிருந்ததில்லை என்பது என் கணிப்பு. ‘மூன்று போல்ட்டுகளையும் கழற்றிப் பழைய சைலன்சரை எடுக்கவும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். என் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த ஒரு வரிக்குள் போயிற்று. யூடியூப் ஆசாமிகள் இன்னும் மோசம். ஸ்பேனரை வைத்ததும் போல்ட்டு இரண்டு விரலில் சுழன்று வருகிறது. கேமராவை ஓடவிடுவதற்கு முன்பே கழற்றி, கையால் திருகி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த மரையில் துரு ஒரு பொட்டுக்கூட இல்லை.

நான் இருப்பது கொட்டிவாக்கம். இங்கே உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் உயிர். அதிலும் சைலன்சர் போல்ட்டின் பாடு பெரும்பாடு. வண்டி ஓடினால் சூட்டில் விரியும், நின்றால் சுருங்கும், மழை பெய்தால் நனையும். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருத்துவிடும். மரைகளுக்கு நடுவே இருக்கும் நூலிழை இடைவெளியில் அது குடியேறிவிட்டால், போல்ட்டும் நட்டும் ஓருயிர். பிரிக்க வருகிறவன்தான் வில்லன்.

முதல் இரண்டும் கழன்றன. கழலத்தான் செய்யும், நமக்கு ஆசை காட்டவே படைக்கப்பட்டவை அவை. மூன்றாவது, கை நுழையாத மூலையில் இருந்தது.

காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைப் பார்த்தால் போதும், எங்கள் தெருவில் எவருக்கும் ஞானம் பொங்கும். “மண்ணெண்ணெய் ஊத்துங்க” என்றார் மாடிவீட்டு மாமா. “பிரேக் ஆயில்தான் சார் கேக்கும்” என்றார் இஸ்திரிக்காரர். நான் டபிள்யூடி-40 டப்பாவை எடுத்தேன். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக 40-ஆவது முயற்சியில் கிடைத்த கலவை. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டுக்குப் பூசினார்கள். அந்தப் பெருமை வாய்ந்த திரவம் என் போல்ட்டின் மேல் வழிந்து, நேராக என் வலது கண்ணைக் குறிவைத்து வந்தது.

“உளுந்தே ஊறினாத்தாங்க அரைபடும். இது இரும்பு. ராத்திரி பூரா கிடக்கட்டும்” என்றாள் மனைவி. அந்தத் தெருவில் அன்று சொல்லப்பட்டவற்றில் சரியான யோசனை அது ஒன்றுதான். ஆகவே யாரும் கேட்கவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் எடுத்த எடுப்பில் கழற்ற மாட்டார்கள். முதலில் லேசாக இறுக்குவார்கள். எந்தத் திசையிலானாலும் ஒரு நூல் அசைந்தால் துருவின் பிடி விட்டுவிடும். பன்னிரண்டு மூலை பாக்ஸ் ஸ்பேனர் போல்ட்டுத் தலையின் முனைகளை மழித்துவிடும் என்பதால் ஆறு மூலை ஸ்பேனரையே தேடுவார்கள். தலையில் சுத்தியலால் நாலு தட்டு. பிறகு ஸ்பேனர் பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால், அதே கைக்கு இரண்டு மடங்கு திருகுவிசை. அத்தனையும் செய்தேன். மாமா குனிந்து பார்த்து, “எதிர்ப்பக்கம் திருப்புறீங்களோ?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. பற்களுக்கு நடுவே டார்ச் இருந்தது.

டக்!

கழன்ற போல்ட்டும் உடைந்த போல்ட்டும் எழுப்புவது ஒரே சத்தம்தான். எது என்று தெரிவதற்குள் கிடைக்கும் அரை நொடி ஆனந்தத்துக்குச் சொத்தையே எழுதிவைக்கலாம். போல்ட்டின் தலை மட்டும் ஸ்பேனருக்குள் உட்கார்ந்திருந்தது.

தெருமுனை மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். “உடைஞ்சது நல்லதுதானே சார்! எஞ்சின்ல ஏறின ஸ்டட்டா இருந்தா டிரில் போட்டு, புதுசா மரை வெட்டணும். இது வெறும் நட்டு போல்ட்டுதானே?” பஞ்ச்சை வைத்து ஒரே தட்டு. மிச்சம் விழுந்தது, சைலன்சரும் இறங்கியது. “இதுக்குப் போயி மல்லுக்கட்டிக்கிட்டு. நானா இருந்தா காலையிலயே கிரைண்டர்ல அறுத்துருப்பேன். புது போல்ட்டு ஒரு டீக்காசு.”

புதுச் சைலன்சரை மாட்டி, மரைகளில் காப்பர் கிரீஸைத் தாராளமாகத் தடவி, பாசத்தோடு போல்ட்டுகளை ஏற்றினேன். பார்த்துக்கொண்டே நின்ற மெக்கானிக் கவலையோடு சொன்னார்:

“நல்லா இறுக்குங்க சார். இல்லேன்னா ஓடுற ஆட்டத்துல தானா கழண்டு விழுந்துடும்.”