இணைச்சீரு எந்த ஃபைல்ல கண்ணு?

ஏங்கண்ணு, கல்யாண மண்டபத்துல உன்ற தடபுடலைப் பாத்தேன். மூணு கேமரா. மேல சுத்தறதுக்கு ஒரு ட்ரோன். வயரெல்லாம் கேப்சர் கார்டுல வந்து சேருது, அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் போகுது. காதுல வேற என்னத்தையோ மாட்டிக்கிட்டு, ஒறம்பரைக்காரங்க குறுக்க வந்தா மொறைக்கறே. பந்தியில கூட உக்காரலை. எல்லாம் செரி. மாப்பிள்ளைக்கு இணைச்சீரு செஞ்ச அக்கா வந்து, "தம்பி, இணைச்சீரு மட்டும் சித்தெ காட்டு"ன்னு கேட்டப்ப உன்ற மூஞ்சி ஏன் அப்படிப் போச்சு?

எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டருல வீடியோ புடிக்கற ஓபிஎஸ் சாப்ட்வேருல ரெக்கார்டை அமுக்குனது சீரு ஆரம்பிக்கறப்ப. நிறுத்துனது மண்டபமே காலியானப்பறம். நடுவுல எந்த மணிக்கு என்ன சீரு, ஆருக்குத் தெரியும்? ஃபைலு பேரைப் பாத்தா ஆண்டு, மாசம், தேதி, மணி, நிமிசம், செகண்டு. சோசியக்காரன் கையில குடுத்தா சாதகமே எழுதிப்போடுவான். கொழந்தைக்குப் பேரு மட்டும் வெக்கலையே அப்பு!

"எடிட்டிங்ல பாத்துக்கலாமுங்க அப்புச்சி"ங்கறே. எப்பப் பாப்பே? ஆவணி முடிஞ்சா ஐப்பசி, அப்பறம் தையி. முகூர்த்தம் உன்னை விடுமா? எங்க ஊட்டுக் கல்யாணம் ஒன்னு இன்னும் எவனோ ஒருத்தனோட டிஸ்க்குல கெடக்குது. பொண்ணுக்குப் பொறந்த பையன் பள்ளிக்கோடம் போறான்.

எழுதி வெச்சுக்கறது புதுசா? 1954-ல மலைக்கள்ளன் வந்துச்சே, நம்ம கோயமுத்தூரு பட்சிராஜா ஸ்டுடியோ படம். அந்தக் காலத்து சினிமாக்காரனுக்கு ஃபிலிமு காசு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு பலகையில காட்சி நம்பரு, டேக்கு நம்பரு எழுதிக் காட்டி, டப்புன்னு தட்டுவான். அந்தத் தட்டு எதுக்கு? படத்தையும் சத்தத்தையும் பொறகால பொருத்தறதுக்கு. நீ மூணு கேமரா வெச்சு, நாதசுரத்தைத் தனியா ரெக்கார்டருல புடிக்கறயே, ஆரம்பிக்கறப்ப ஒருக்கா கையைத் தட்டிப்போட்டா என்ன கொறைஞ்சு போச்சு? கைக்கு வாடகை உண்டா?

சினிமாவை விடு. காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்துல 1965-ல பிரெண்டா பெக்குன்னு ஒரு வெளிநாட்டம்மா பொன்னரு, சங்கருங்கற அண்ணமாரு கதையை டேப்புல புடிச்சாங்க. அது ஒரு ராத்திரியில அடங்கற கதையா? ராவு ராவாப் பாடுனது. 1992-ல சென்னையில ஆசியவியல் நிறுவனம் அதைப் புத்தகமாப் போட்டுச்சு. எந்த ரீலுக்கு அப்பறம் எந்த ரீலுன்னு தெரியாமக் கெடந்திருந்தா, பொன்னரு முந்தியா சங்கரு முந்தியான்னே தெரிஞ்சிருக்காதே!

செரி, உனக்கு வேலை சொல்றேன். கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி போடு. அதுல உன்ற சினேகிதனை உக்கார வெக்காதே, அவன் போனைத்தான் பாப்பான். சீரு வரிசை தெரிஞ்ச ஒரு ஆத்தாளை உக்கார வையி. நாட்டுக்கல் சீரா, இணைச்சீரா, மங்கல வாழ்த்தா, சீரு நடத்தற அருமைக்காரரு எழுந்திரிக்கறதுக்கு முன்னாலயே அந்தம்மா சொல்லிப்போடும். உடனே ஃபைலை வெட்டு. நிறுத்த வேண்டியதில்லை, ஓடறப்பவே வெட்டிக்க ஓபிஎஸ்சுலயே வழி இருக்குது. அதுக்கு ஒரு பொத்தானை ஒதுக்கி வெச்சுக்கோ. வெட்டுன மணியையும் சீரு பேரையும் ஒரு நோட்டுல எழுது. பொழுதோட ஊட்டுக்குப் போனதும் அந்தப் பேரையே ஃபைலுக்கு வையி. தாலி கட்டறப்ப மட்டும் பொத்தான் பக்கமே கையைக் கொண்டு போகாதே!

அப்பறம், சாதா எம்பி4-ல நேராப் புடிக்கறயாமே? அதுல உள்ளே என்னென்ன எங்கெங்க இருக்குதுங்கற கணக்கைக் கடைசியிலதான் எழுதும். நடுவுல கரண்டு போச்சுன்னா, ஜெனரேட்டரு ஓடறதுக்குள்ள பொட்டிக் கம்ப்யூட்டரு படுத்துக்கும். அந்த ஃபைலு தொறக்காது. எம்கேவியில புடிச்சா போன நிமிசம் வரைக்கும் தப்பிச்சுக்கும். வேணுங்கறப்ப எம்பி4-ஆ மாத்திக்க அதே ஓபிஎஸ்சுல ரீமக்ஸ் இருக்குது. நம்ம ஊரு கரண்டு எப்பப் போகுமுன்னு சொல்லிப்போட்டா போகுது?

டிஸ்க்கையும் பாத்துக்கோ. செகண்டுக்கு 50 மெகாபிட்டுல புடிச்சா மணிக்கு 22.5 ஜிபி. நாலு மணி நேரத்துக்கு 90. ஃபேட்32-ல இருக்கற பழைய டிரைவு ஒரு ஃபைலுக்கு 4 ஜிபிக்கு மேல வாங்காது, அது 11 நிமிசத்துக்குத்தான் வரும். மங்கல வாழ்த்துப் பாடற ஆளு அதுக்குள்ள முடிக்கோணுமா? "யூடியூப்புலதான் லைவ் போட்டிருக்கேனே"ன்னு சொல்லாதே. அங்க போனது மண்டபத்து நெட்டு தாங்குன அளவுக்கு நசுக்குனது.

ட்ரோனுக்கு இன்னொரு பேட்டரி வாங்கோணுமுன்னு நேத்து கேட்டயாமே? அந்தக் காசுக்கு இன்னொரு டிஸ்க்கு வாங்கு. ரெண்டு எடத்துல காப்பி ஆகாம, கம்ப்யூட்டருல இருக்கறதை அழிச்சுப்போடாதே கண்ணு.